பின்பக்கம் நான்கு, முன்பக்கம் இரண்டு

முன்பக்கம் இரண்டும் போன வருஷமே போய்விட்டன.
யாரும் அழவில்லை.
ஒரு சார்ஜர் கேபிள் மட்டும்
பழக்கதோஷத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.
இப்போது பின்பக்கம்.

இன்று தேதி பத்தொன்பது.
பனங்காட்டில் மூன்று கொலுசுப் பட்டறைகளின் கணக்கு என் கையில்.
நாளை ராத்திரிக்குள் ஜிஎஸ்டி ஏற்ற வேண்டும்.
கையெழுத்து டோக்கனைச் செருகினால்
டொடிங் என்கிறது கம்ப்யூட்டர், வா என்பதுபோல.
மூச்சு விடுவதற்குள்
இறங்குமுகமாக இன்னொரு டொடிங்.
போ.

கேபினட்டைச் சுவரிலிருந்து இழுத்தேன்.
பின்னால் செத்த கட்டெறும்புகள், ஒரு ஹேர்பின்,
மகன் மூன்றாம் வகுப்பில் தொலைத்த ஷார்ப்னர்.
டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு மண்டியிட்டேன்.

முறையாகப் பார், கமலவேணி.
எடை குறைந்தால் ஆளைச் சந்தேகப்படாதே,
முதலில் தராசைப் பார்.
டோக்கனை எதிர்வீட்டு லேப்டாப்பில் செருகினேன்.
பச்சை விளக்கு. டோக்கன் யோக்கியன்.
பென் டிரைவ் முதல் துளையில் வந்தது, போனது.
இரண்டாவதில் வரவே இல்லை.
மூன்றாவதில் வந்து தங்கி,
பிரிண்டர் சுவிட்சைப் போட்டதும் போனது.
நான்காவதில் மவுஸ். அதை எடுக்கப் பயம்;
எடுத்தால் எதை வைத்து ஓகே சொல்வது?

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம்,
ரோட்டில் பள்ளம் தோண்டினால் நட்டுவைப்பார்களே, அப்படி.
மூன்று வருஷம் பழகிய டோக்கனை
அடையாளம் தெரியாத சாதனம் என்றது.
டிரைவரை நீக்கி மறுபடி ஏற்றினேன்.
பவர் வயரை உருவிவிட்டு
பட்டனை முப்பது எண்ணும்வரை அழுத்தினேன்.
ஐந்து ரோட்டில் கடை வைத்திருக்கும் நஸ்ரீன் போனில் சொன்னாள்:
"மதர்போர்டு போயிருக்கும்க்கா. நாலாயிரம் ஆகும்."
கொஞ்சம் பொறுத்து, "போகாமலும் இருக்கலாம்."
அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான்
எப்போதும் அவளிடமே போகிறேன்.

வியர்த்த முழங்கை கேபினட்டில் பட்டது.
சுருக்.
எறும்பு என்று நினைத்தேன்.
எறும்புகள்தான் செத்துக் கிடக்கின்றனவே.
மறுபடி புறங்கையால் தடவினேன்.
தகரம் மெல்ல அதிர்ந்தது,
தூங்கும் பூனையின் முதுகு மாதிரி.
டெஸ்டரை வைத்தேன்.
குட்டி விளக்கு மங்கலாகச் சிவந்தது.

எர்த் வயரின் பின்னாலேயே நடந்தேன்:
சுவர், ஜன்னல் விளிம்பு, மீட்டர் பெட்டி, கொல்லை.
துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சிமென்ட் மூடி,
வீடு கட்டிய வருஷம் மூடியது.
உள்ளே மண் பாளம் பாளமாக வெடித்து
குழாயை விட்டு ஒதுங்கி நின்றது,
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி போல.
மாசியிலிருந்து மழை இல்லை.
ஏற்காட்டின் மேல் மேகம் கூடுகிறது,
மலையிறங்கி வர மனசில்லை அதற்கு.

துணி அலசிய தண்ணீர் மூன்று குடம்.
ஒரு கிலோ கல்லுப்பு.
முதல் குடத்தை மண் சத்தம் போட்டுக் குடித்தது.
இரண்டாவதற்குக் குமிழி விட்டது.
மூன்றாவதை ஊற்றும்போது செங்கோடன்
ஸ்டீல் பிளான்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து நின்றார்.
"கம்ப்யூட்டர் சரியில்லன்னியே?"
"அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."
உப்புப் பாக்கெட்டும் கையுமாக நின்றவளை
ஏற இறங்கப் பார்த்துவிட்டு,
சாப்பாட்டுப் பையைக் கல்லின் மேல் வைத்துவிட்டு,
நான்காவது குடத்தை எடுத்துவரப் போனார்.

ராத்திரி பத்தே முக்கால்.
தகரம் வெறும் தகரமாக இருந்தது.
ஒன்று, மூன்று, நான்கு: வந்தன, தங்கின.
பிரிண்டரைப் போட்டேன், அணைத்தேன், போட்டேன்.
இரண்டு மட்டும் வரவில்லை.
டார்ச் வெளிச்சத்தில் உள்ளே
ஒரு பொன் நாக்கு வளைந்து கருகியிருந்தது.
அதை எந்தக் குடமும் எழுப்பாது.
கறுப்பு டேப் ஒட்டி,
மேலே வெள்ளைப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி.

டோக்கன்.
டொடிங்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
ஃபேன் சத்தம். எதிர்வீட்டில் யாரோ இருமுகிறார்கள்.
இரண்டாவது சத்தம் வரவில்லை.

கடவுச்சொல் கேட்டது.
கீபோர்டில் விரலை வைத்தேன்,
உப்பு பிசுபிசுத்தது.